என் விரலில் ஒட்டிய அவள் படலம்

செங்கல்பட்டுக்கு அருகே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நானும் புதுப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தியும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உணரும் பாலிமர் படலத்தை உருவாக்க வேண்டும். இரண்டு வருடமாகியும் என் படலம் எதையும் உணரவில்லை. பின்னால் வந்து சேர்ந்த அவளுடையது எட்டே மாதத்தில் உணர்ந்தது. பேராசிரியர் பாராட்டியபோது நானும் கைதட்டினேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவள் அந்தப் படலத்தை என் விரலில் ஒட்டினாள். விரலுக்குள் அந்த ஒளியைச் செலுத்தினால் நாடித்துடிப்பு திரையில் தெரியும்.

“இன்னாடி இது, நூத்திப்பத்து காட்டுது? சும்மா தானே குந்திகினு கீறே?” என்றவளின் முகம் வாடியது. “என் சென்ஸார்தான் தப்பு போல.”

அவள் தன் வேலையைத் தானே சந்தேகப்பட்டது எனக்கு இனித்தது. கம்பிகளைக் கழற்றிச் சோதித்துவிட்டு, குறிப்பேட்டில் ‘பிழை’ என்று எழுதப் போனாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அது சரியாத்தான் காட்டுது. எனக்கு உன் மேல பொறாம. நேத்துலேர்ந்து இப்படித்தான் அடிச்சிகினு கீது.”

அவள் என்னையே பார்த்தாள். “உனக்கு ஸ்காலர்ஷிப் வந்தப்போ நான் ஒரு வாரம் உன்னாண்ட பேசல. காய்ச்சல்னா நெனச்சே?”

அன்று மாலை தன் படலத்துக்கான கலவையின் அளவுகளை எனக்குச் சொல்லித் தந்தாள். அடுத்த மாதம் என் படலமும் உணர்ந்தது, அவளுடையதில் பாதி அளவுக்கு. அந்தப் பாதி இன்றும் உறுத்துகிறது.