வாத்தியார் வைத்த பூஜ்யம்

கணக்கு வாத்தியாராக முப்பத்தோரு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர், மிச்ச ஆயுளை மரம் செதுக்குவதில் கழிப்பது என்று முடிவெடுத்து, கார் கொட்டகையில் ஒரு சிஎன்சி ரவுட்டரை இறக்கினார். கணினியில் வரைந்ததை அப்படியே பலகையில் குடைந்து தரும் இயந்திரம். ரொம்பப் பணிவானது. பலகை எங்கே கிடக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. "இதுதான் பூஜ்யம், இங்கிருந்து தொடங்கு" என்று யாராவது காட்ட வேண்டும். பூஜ்யம் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது வாத்தியாரின் எண்ணம். அவரிடம் படித்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

அவர் மனைவி தையற்காரி. மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை திறப்பு. 'கச்சிதம் தையலகம்' என்ற பெயர்ப்பலகைக்காக, இருபது வருடம் துணி வெட்டிய மேசையின் மேல்பலகையை அறுத்துக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு பலகை.

"கெடுத்துட மாட்டீங்களே?"

வாத்தியார் புன்னகைத்தார். பரீட்சை அறையில் வினாத்தாள் கொடுக்கும்போது காட்டும் அதே புன்னகை.

எழுத்துகளை வரைந்து கொடுத்த மைத்துனன், பென்டிரைவோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தான்: 'தொடக்கம்: இடது கீழ் மூலை.' வாத்தியார் சிவப்பு மையால் அதை அடித்து, 'தவறு. ஆதிப்புள்ளி நடுவில்தான்' என்று எழுதி, கையெழுத்துக்காக அரை மதிப்பெண் போட்டார். வரைபடத்தாளின் நட்டநடுவில் இரண்டு அச்சுகளும் வெட்டிக்கொள்வதை ஆயிரம் தடவை கரும்பலகையில் போட்டுக் காட்டியவரிடம் மூலையாம், மூலை!

மூலைக்கு மூலை கோடிழுத்துப் பலகையின் நடுவைக் கண்டுபிடித்தார். மரத்தைக் குடையும் ஊசியான பிட்டின் முனைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்து, தாள் லேசாகப் பிடிக்கும்வரை முனையை மயிரிழை மயிரிழையாக இறக்கினார். அதில் குறை சொல்ல முடியாது. நீளம், அகலம், உயரம் என மூன்று திசைக்கும் பூஜ்யம் அழுத்தி ஓடவிட்டார்.

இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்டது. நடுவில் 'க' போட்டது. வலப்பக்கம் நகர்ந்து 'ச்', 'சி' போட்டது. 'த' முடிவதற்குள் பலகை முடிந்துவிட்டது. பலகையை இறுக்கியிருந்த கிளாம்ப்பில் முட்டி, பிட் இரண்டாக முறிந்தது.

சத்தம் கேட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க மனைவி வந்தார்.

"என்னங்க இது? பாதிப் பலகை சும்மா கெடக்கு, மீதிப் பாதியில எழுத்து தப்பிச்சு ஓடுது?"

"மெஷின்ல ஏதோ கோளாறு."

"படத்துல எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"மூலையிலேருந்து. அது உன் தம்பியோட அறியாமை."

"பலகையில நீங்க எங்க வெச்சீங்க?"

மூலைக்கு மூலை இழுத்த கோட்டை வாத்தியார் உள்ளங்கையால் மறைத்தார். கடைசி பெஞ்சுக்காரர்கள் பார்த்திருக்க வேண்டிய காட்சி.

"பேப்பர்ல எந்த மூலையோ, துணியிலயும் அந்த மூலையிலதானே வெச்சு வெட்டுவேன்? நடுவுல வெச்சா சட்டைக்கு ஒரு கை தரையிலதான் வெட்டணும்."

மனைவி பலகையைப் பின்பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டு இறுக்கினார். புது பிட்டை மாட்டி, இடது கீழ் மூலைக்கு ஓட்டி, நீள அகலத்துக்குப் பூஜ்யத்தை அழுத்தினார். இழந்த மானத்தை மீட்கும் அவசரத்தில் வாத்தியார் தொடக்கப் பொத்தானுக்குக் கை நீட்டினார்.

"நில்லுங்க! இந்த பிட் பழசைவிட நீளமா தொங்குது பாருங்க. ஆளை மாத்தினா அளவும் மாத்தி எடுக்க வேணாமா? தாளை எடுங்க."

எடுத்தார். உயரத்துக்கும் புதுப் பூஜ்யம் விழுந்தது. அரை மணியில் 'கச்சிதம் தையலகம்' ஓர் எழுத்தும் குறையாமல், இரண்டு ஓரத்திலும் ஒரே இடைவெளியோடு வந்து நின்றது.

"அப்போ நடுவுக்கு மதிப்பே இல்லையா?" என்று வாத்தியார் பொதுவாக உலகத்தைக் கேட்டார்.

"ஏன் இல்ல? கடை வாசலுக்கு மேல நடு எங்கன்னு பாத்து ஆணி அடிங்க. இருட்டறதுக்குள்ள."

வாத்தியார் ஏணியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.