உறைந்த ஏரிப் பிரசங்கம்

சபை ஊழியத்துக்குப் படிக்கப் போகிறவனுக்கு மிஷன் உதவிப்பணம் கொடுக்கும். அதை வாங்குவது சர்க்கார் உத்தியோகம் வாங்குவதைவிடக் கஷ்டம். இரண்டையும் கிட்ட இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வாரநாட்களில் நான் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு கணக்கு ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லுத்தரன் சபைக் கமிட்டியின் காரியதரிசி. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். மற்றவர்கள் மறந்துபோன விதியை ஞாபகப்படுத்தி, அவர்களுடைய வெறுப்பைச் சம்பாதிப்பது.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. மனுப் போடுகிறவனுக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும், வளர்ந்தபின் சபைக்கு முன் விசுவாசத்தை அறிக்கை செய்ததற்குத் திடப்படுத்தல் சான்று வேண்டும். இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் வாங்க ஒழுங்காகப் பெயர் கொடுத்து வருகிறான் என்று ஐயர் எழுதித்தர வேண்டும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்; ஆபீஸ் நண்பர்கள் அதைக் கேட்டுக் குழம்புவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அப்புறம் டாக்டர் சர்டிபிகேட். இவ்வளவும் ஆன பிறகு கடைசிப் படி: ஒரு ஞாயிறு ஆராதனையில் பையன் பிரசங்கம் வாசிக்க வேண்டும்.

வாசிக்க வேண்டும். செய்யக் கூடாது. இந்த வித்தியாசம் லுத்தரனாகப் பிறக்காதவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. குருப்பட்டம் பெறாதவன் சபையில் தன் சொந்த வார்த்தையால் போதிக்க அதிகாரம் இல்லை. ஐயர் வெளியூர்ச் சபைக்குப் போயிருக்கும் ஞாயிறுகளில் சபைப் பெரியவர்களான மூப்பர்களில் ஒருவர் அச்சிட்ட பிரசங்கப் புத்தகத்தைத் திறந்து அந்த நாளுக்கு உரியதை வாசிப்பார். ஞாயிறுக்கு ஒரு பிரசங்கம். வருஷம் திரும்பினால் அதே ஞாயிறுக்கு அதே பிரசங்கம். ஜெர்மனியில் யாரோ எழுதி, இங்கே யாரோ தமிழாக்கியது. ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் ஆண்கள் பக்கம் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். ஜெபத்துக்காக அல்ல.

அந்த வருஷம் மனுப் போட்டவன் ஆஸ்டின் டவுன் பையன். தகப்பன் இல்லை. தாய் துணி தைத்து அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தாள். மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டான். குருமார் படிக்கும் செமினரிக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவனிடம் நான் பார்த்ததில்லை. ஆனால் மாமன் துணி மில்லில் இடம் பேசி வைத்துவிட்டார்; உதவிப்பணம் கிடைக்காவிட்டால் ஜூலையில் மில்லுக்குப் போக வேண்டும். அடுத்த வருஷம் மனுப் போடலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். அந்த வரம்பை அவன் தாய்க்கு எடுத்துச் சொன்னவனும் நான்தான்.

அவனுக்கு விழுந்த ஞாயிறின் சுவிசேஷம், பேதுரு வலை நிறைய மீன் பிடித்த பகுதி. ஐயர் அன்று கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார். பையன் படி ஏறி, புத்தகத்தை மேடையில் வைத்தான். திறக்கவில்லை. மூடிய அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான்.

சபை விழித்துக்கொண்டது. குளிர்தேசத்தில் ஏரி பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும், செம்படவன் கோடாலியால் அதைப் பிளந்து, கீழே இருட்டில் கண்ணுக்குத் தெரியாத மீனுக்கு வலை விடுவான் என்று அவன் சொன்னபோது, பெண்கள் பக்கம் அழுத பிள்ளைகூட நிறுத்திவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, சாயங்காலம் கமிட்டியில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

பெரிய மூப்பர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். ஐயர் ஊர் திரும்பிக் காப்பியைக் கையில் எடுப்பதற்குள் ஆரம்பித்தார்.

"ஐயரே, பையன் நல்லவன்தான். ஆனா இன்னைக்குப் பிரசங்கம் வாசிக்கலை. பண்ணிட்டான்."

"நல்லா இருந்துதா?"

"அதுதான் பேஜாரு. ரொம்ப நல்லா இருந்துது. என் சம்சாரம் அழுதுட்டா. இத்தனை வருஷத்துல எந்த ஐயர் பேசியும் அவ அழுததில்லை."

ஐயர் காப்பியைப் பார்த்துக்கொண்டார். பையனைக் கூப்பிட்டார்கள்.

"புத்தகத்துல இருக்கிறதைத்தான் சொன்னேன், ஐயா" என்றான்.

"தம்பி, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியிருந்து நான் இந்தச் சபையில உக்காந்திருக்கேன்" என்றார் மூப்பர். "ஏரி உறைஞ்சுது, கோடாலி எடுத்தான்னு ஒரு நாளும் கேட்டதில்லை. நம்ம அல்சூர் ஏரி எப்போ உறைஞ்சுது? சொல்லு பார்க்கலாம்."

எனக்கு அந்த ஏரிதான் மண்டைக்குள் குடைந்தது. ஆலங்கட்டியைத் தவிர வேறு பனியைப் பார்த்திராத ஆஸ்டின் டவுன் பையன், சொந்தமாகக் கதை கட்டினால் அல்சூர் ஏரியையும் தூண்டில்காரனையும்தானே கொண்டுவருவான்? ஏரியை உறைய வைக்க ஒரு ஜெர்மன்காரர் வேண்டாமா? அதுவுமில்லாமல், அரைத்தூக்கத்தில் 'கோடாலி' என்ற வார்த்தை காதில் விழுந்து நான் ஒரு தடவை திடுக்கிட்டு விழித்ததாக ஞாபகம்.

"போன வருஷம் இதே ஞாயிறு யார் வாசிச்சாங்க?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். காரியதரிசி பதில் தெரியாத கேள்வியைக் கமிட்டியில் கேட்பதில்லை.

"நான்தான்" என்றார் மூப்பர்.

ஐயர் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஏரி இருந்தது. பனிக்கட்டி இருந்தது. கோடாலி, இருட்டு, வலை, எல்லாம் வரிசையாக, அவன் சொன்னபடியே இருந்தன. மூப்பர் அதை வருஷா வருஷம் வாசித்திருக்கிறார். நாங்களும் வருஷா வருஷம் கேட்டிருக்கிறோம். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

மூப்பர் லேசில் விடுகிறவர் அல்ல. "சரி, புத்தகப் பிரசங்கம்தான். ஒத்துக்கிறேன். ஆனா வாசிக்கணும்னுதானே விதி? இவன் வாசிக்கலை, ஒப்பிச்சான். காரியதரிசி சொல்லட்டும்."

சொல்ல வேண்டியிருந்தது. வாசிக்க வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது என்றேன். பையன் என்னைப் பார்த்தான்.

"ஏன் தம்பி திறக்கலை?" என்றார் ஐயர்.

"கிட்ட இருக்கிற எழுத்து கலைஞ்சு போகுது, ஐயா. தூரத்துல எல்லாம் நல்லாத் தெரியும். டாக்டர் சுவத்துல மாட்டின எழுத்தைத்தான் படிக்கச் சொன்னார், படிச்சுட்டேன். வீட்டுல தங்கச்சி வாசிப்பா. நான் கேட்டு மனசுல வச்சுப்பேன். பரீட்சைக்கும் அப்படித்தான், கேள்வித்தாளை மட்டும் தூரப் பிடிச்சு ஒப்பேத்திடுவேன்" என்றான்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அனுப்ப மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அனுப்பியிருக்க மாட்டோம். அது எல்லாருக்கும் தெரியும். அப்போது மூப்பர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியில் துடைத்து நீட்டினார்.

"இதைப் போட்டுக்க. இப்போ வாசி."

கண்ணாடி அவன் மூக்குக்குப் பெரிசு. ஒரு கையால் பிடித்துக்கொண்டான். பக்கத்தைக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து எங்களைப் பார்த்தான், மறுபடி குனிந்தான். வாசிக்க ஆரம்பித்தான்.

காலையில் சபையை எழுப்பி உட்காரவைத்த அதே பிரசங்கம். இப்போது ஏற்றமில்லை, இறக்கமில்லை. மாட்டுவண்டி மண் ரோட்டில் போவதுபோலப் போனது. ஏரி வந்தது தெரியவில்லை. கோடாலி வந்து போனதும் தெரியவில்லை. மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாக ஆட்டினார். முடிந்ததும் திறந்தார்.

"இதுதான் வாசிப்பு" என்றார். "போகட்டும், ஐயரே. அனுப்புங்க."

அன்றே சிபாரிசை எழுதினேன். கண்ணாடி ஒன்று வாங்கித்தர வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதற்கு இடம் கொடுக்கிற விதி எது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. எழுத்துகள் அசையாமல் நிற்பதை முதன்முதலாகப் பார்த்ததால் தடவித் தடவி அப்படி வாசித்தானா? இல்லை, மூப்பருக்கு எது வாசிப்பு என்று புரிந்துகொண்டு வாசித்தானா?

அடுத்த வருஷம் அதே ஞாயிறு வந்தபோது அவன் விடுமுறை முடிந்து செமினரிக்குத் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. சொந்தக் கண்ணாடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஐயர் தங்கவயலில். மூப்பர் புத்தகத்தை விரித்து வாசித்தார். ஏரி உறைந்தது, யாருக்கும் குளிரவில்லை. வெளியே வரும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்குக் கமிட்டியில வேணும்னேதான் அப்படி வாசிச்சியா?"

"அது மூப்பர் கண்ணாடி அண்ணே" என்றான். "அதைப் போட்டா அப்படித்தான் வருது."

வாசலில் இரண்டு அம்மாக்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பார்த்தியாக்கா, போன வருஷம் அந்தத் தம்பி சொந்தமாச் சொன்னதை இவர் எடுத்துத் தன்னுது மாதிரி வாசிக்கிறார்" என்றாள் ஒருத்தி.

"எடுத்ததுகூடப் பரவாயில்லை, கெடுத்துட்டாரே" என்றாள் மற்றவள்.

திருத்தியிருக்கலாம். ஆனால் எழுத்துமூலம் புகார் வந்தால்தான் காரியதரிசி விளக்கம் தர வேண்டும் என்று எங்கள் விதியில் இருந்தது. புகார் வரவில்லை.