பிரஷர் குறைந்தால் மண் தங்கும்

வால்வை மூடிவிட்டோம் என்று வீட்டுக்காரர் சொன்னால் எங்கள் பிளம்பர் தலையை ஆட்டுவார். ஆட்டிக்கொண்டே நடந்துபோய்த் தானும் ஒரு திருகு திருகிப் பார்ப்பார். பிறகு சமையலறைக் குழாயைத் திறப்பார். சொட்டு நின்றது கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது. குழாய் வாயில் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி உண்டு: “நல்லா மூடியாச்சா?” இந்தக் கேள்வியே அவருக்குப் பெயராகிவிட்டது. எங்கள் தெருவில் பிளம்பர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘மூடியாச்சா’ என்று கேட்டால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள்.

பழைய குழாயை அறுத்ததும் சுண்டு விரலை உள்ளே விட்டுச் சுற்றுவார். விரலை முகர்வார். நேற்றுதான் ஒழுக ஆரம்பித்தது என்று வீட்டுக்கார அம்மாள் சத்தியம் செய்துகொண்டிருப்பார். இவர் விரலை நீட்டி, “நேத்து ஆரம்பிச்சதுக்கு இத்தனை துருவா?” என்பார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். வழியில் போகிறவரிடம் மணி கேட்டு அதைச் சரிபார்ப்பார். சிகரெட்டை விட்டு நாலு வருஷம் ஆயிற்று என்பார். அதை மட்டும் நாம் சரிபார்க்கக் கூடாது.

அவர் என் தங்கையின் கணவர். முப்பத்தோரு வருஷமாக எனக்கு மாப்பிள்ளை. கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே எங்கள் குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவர்கள் வீட்டு ஆண்பிள்ளைகளின் கதை எனக்கு மனப்பாடம். அப்பா தபால் ஆபீஸில் மூட்டை தூக்கியவர். ஐம்பத்து நாலு வயதில் மாடிப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு நேர் இளைய சித்தப்பா ஐம்பத்தெட்டில், சவரம் செய்துகொண்டிருந்தபோதே போனார். அவருடைய மிச்சப் பாதி முகத்தை மழித்துவிட்டவன் நான்தான். மூத்த அண்ணன் ஐம்பத்தாறு. மாப்பிள்ளைக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து முடிகிறது. தங்கை இந்த வயதுகளை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் அவர் படியேறும்போது செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பாள்.

போன வருஷம் அவருக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரியில் பிரஷர் ஏகத்துக்கும் இருக்கிறதென்று தினம் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தங்கை கையில் எடுத்துக் கொடுப்பாள். இவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து அண்ணாந்து பார்ப்பார். அட்டையில் மாத்திரை தவறாமல் தீர்ந்தது. பிரஷர் மட்டும் இறங்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா தங்கையின் முகத்தைப் பார்த்து, நீங்கள் ஒழுங்காகத்தான் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

அன்று தங்கை நேரே என் வீட்டுக்கு வந்தாள். எனக்கென்னவோ அவர் முழுங்குவதாகத் தோன்றவில்லை என்றாள். உன் கண் முன்னால்தானே போட்டுக்கொள்கிறார் என்றேன்.

“போட்டுக்கறார்ண்ணா. தொண்டை அசைய மாட்டேங்குது.”

மறுநாள் நான் மாப்பிள்ளையோடு வேலைக்குக் கிளம்பினேன். வீட்டில் பொழுது போகவில்லை, கூட வருகிறேன் என்றேன். முப்பத்தோரு வருஷமாகப் போன பொழுது இன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை என்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மாடி வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சின்ன ரெஞ்சை எடுக்கச் சொன்னார். பையைத் துழாவினேன். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாய், இரண்டு பக்கமும் மூடி போட்டுத் திருகியிருந்தது. ஆட்டினேன். உள்ளே கலகலவென்றது.

தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“மச்சான், அது சின்ன ரெஞ்ச் இல்ல.”

மூடியைத் திருகிக் கையில் கொட்டினேன். எல்லாம் மாத்திரை. எச்சிலில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தவை பாதி. மாப்பிள்ளை முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. குப்பையில் போட்டால் என் தங்கை பார்த்துவிடுவாளாம், அதனால் குழாயில் போட்டாராம்.

“மேல் மாடிக்குப் போற லைன்ல பிரஷர் குறைஞ்சா என்ன ஆகும், சொல்லுங்க. மண்ணு தங்கும். தங்குனது கெட்டியாகும், அடைச்சுக்கும். எங்கண்ணனுக்கும் பிரஷரைக் குறைக்கத்தான் மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை போட்டுக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தாரு. அடிச்சு ஓடட்டும் மச்சான், அப்பதான் குழாய் சுத்தமா இருக்கும்.”

நானும் அதே மாத்திரை போடுகிறவன்தான். அன்று என் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முழுங்கினேன், ஆனால் நிம்மதியாக முழுங்கவில்லை.

தங்கையிடம் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. “ஒரு வருஷமா டாக்டர் என்னைத்தானேண்ணா திருடியாட்டம் பாத்தாங்க” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை அந்தக் குழாயை டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்து, மண் தங்கும் நியாயத்தை முதலிலிருந்து சொன்னார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. குழாயை எடுத்து உள்ளே பார்த்தாள். இது சும்மா கிடக்கிற குழாய், ஊற்றினதை வாங்கிக்கொள்ளும், உங்கள் ரத்தக்குழாய் அப்படி இல்லை என்றாள். அதன் உள்பக்கம் முழுக்க உயிருள்ள தோல் ஒன்று இருக்கிறதாம், ஒற்றை வரிசை செல்தான் கனமாம். நல்ல நிலையில் இருக்கும்வரை அது வழவழவென்று இருக்கும், தேவைப்பட்டால் குழாயைத் தளர்த்திக் கொடுக்கும், ஆகாததை உள்ளே அண்டவிடாது. வருஷக்கணக்கில் பிரஷர் அடித்தால், புகை ஏறினால், அதன் குணம் மாறிவிடும். வழவழப்புப் போய்ப் பிசுபிசுக்கும். போகிற வருகிறதைப் பிடித்து நிறுத்தும். கொழுப்பு நுழைய இடுக்கு விடும்.

“மேல படிஞ்சா நீங்க சொல்ற மாதிரி அடிச்சுக் கழுவலாங்க. இது மேல படியறதில்ல. தோலுக்கு அடியில போய் உக்காந்து வீங்குது. எந்த பிரஷர் கழுவும்னு நினைக்கிறீங்களோ, அதுதான் அதுக்குக் கதவைத் திறந்து விடுது.”

காவலுக்கு நிற்கிற தோலே கள்ளனுக்குத் துணை போகுமா? மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீங்க உள்ள பாத்தீங்களா?” என்றார்.

பக்கத்து அறையில் படுக்கவைத்து, கழுத்தில் பசை தடவி, ஸ்கேன் மெஷினை வைத்து, ரத்தக்குழாயைத் திரையில் காட்டினாள். நேராகப் போகிற இடமெல்லாம் கோடு போட்டதுபோல இருந்தது. ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்தில் மட்டும் ஒரு பக்கச் சுவர் உப்பலாகத் தெரிந்தது. பொதுவாக இது முதலில் தலைகாட்டுவது வளைவிலும் பிரிவிலும்தான், அங்கே ஓட்டம் நேராகப் போகாமல் சுழலும், அந்தச் சுழல் உள்தோலுக்கு ஆகாது என்றாள். மாப்பிள்ளை கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினார்.

“நம்ம குழாயிலயும் வளைவுலதான் அடைக்கும். அந்தச் சமாச்சாரம் நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?”

எனக்கு வளைவும் தெரியாது நெளிவும் தெரியாது என்றேன். நம்பவில்லை. மெஷின் எல்லாருக்கும் ஒரே படத்தைக் காட்டுகிறதோ என்னவோ என்று, என் கழுத்தையும் பார்க்கச் சொன்னார். எழுபத்து மூன்று வயதில் நானும் படுத்துப் பசை தடவிக்கொண்டேன். என்னுடையது வேறு படமாக இருந்தது. என்னுடையதில் உப்பல் கொஞ்சம்தான். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகமே சொல்லிற்று.

பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணனைப் பற்றிக் கேட்டார். அண்ணன் எப்போது மாத்திரையை ஆரம்பித்தார் என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டாள். நெஞ்சுவலி வந்த பிறகு, ஆறு மாதம் என்றார். உள்ளே பல வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கும், மாத்திரைக்குக் கிடைத்தது அந்த ஆறு மாதம்தான் என்றாள். சற்று நிறுத்தி, “அதையும் அவர் முழுங்கினாரா? நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

மாப்பிள்ளை கழுத்தில் பசை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலை நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை அவர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். இனி உங்கள் தொண்டையை நான் பார்ப்பதாக இல்லை என்பதுபோல அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார், செருமினார். அப்போதும் திரும்பவில்லை. அடுப்புக்கும் அவளுக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றார். குனிந்து, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் எட்டிப் பார்க்கும்வரை அப்படியே நின்றார்.