நான் அடித்த நான்கு வரிகள்

2023 மார்ச் 13, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். எட்டுக் குடம் பிடித்தேன். மலைக்கோட்டை அடிவாரம் வரை நடந்து, திரும்பும் வழியில் பால் வாங்கினேன். மூன்று இட்லி. 9.20 டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. 9.50க்கு அலுவலகம்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இதோடு நின்றுவிடுகிறது. மீதியை எழுத அன்று கை வரவில்லை.

பழைய ஆவணங்களுக்கு நகல் கொடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒரு நகல் வெளியே போகும் முன் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் நகலில் விரல் வைத்துச் சொல் சொல்லாகப் பார்ப்பார். முடிந்ததும் அடியில் 'ஒப்பு நோக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடுவோம். பதினாறு ஆண்டுகளாக எனக்கு வாசிப்பவர் என்னைவிட நான்கு வயது மூத்த ஓர் அக்கா. ஞாயிறு பூசை முடிந்ததும் இளையோருக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுப்பவர்.

தவக்காலம் தொடங்கிய வாரம் அவர் ஓர் உதவி கேட்டார். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி வகுப்பில் எழுந்து, இயேசு வாழ்ந்தார் என்பதற்கு பைபிளுக்கு வெளியே சாட்சி உண்டா என்று கேட்டிருக்கிறாள்.

“நீதான் எதையும் தோண்டித் தோண்டிப் படிப்பியே. ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதிக் குடுப்பா.”

எட்டு நாள் படித்தேன். பைபிளுக்குள்ளேயே, இயேசு இறந்து இருபது ஆண்டுக்குப் பின் எழுதப்பட்ட கடிதங்கள் கிடைத்தன. அவற்றை எழுதியவர் இயேசுவின் சகோதரரை நேரில் சந்தித்தவர். பைபிளுக்கு வெளியே, ஓர் உரோமை வரலாற்றாசிரியர், இயேசுவின் நாட்டு ஆளுநர் அவருக்கு மரண தண்டனை கொடுத்ததைப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். ஒரு யூத வரலாற்றாசிரியர் இரண்டு இடங்களில் பேசுகிறார். ஓரிடத்தில் சகோதரரைப் பற்றிய சிறு குறிப்பு. அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். இன்னொன்று நீளமான, புகழ்ச்சியான பத்தி. அதில் பின்னால் வந்த யாரோ நகலெடுக்கும்போது தன் சொற்களைச் சேர்த்துவிட்டார் என்பதே பலருடைய முடிவு.

இந்தச் சேர்க்கையைப் பற்றி முதல் படியில் நான்கு வரியாக எழுதியிருந்தேன். நல்ல படி எடுக்கும்போது கோடு போட்டு அடித்துவிட்டேன். வருடா வருடம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவன் நான். அக்காவுடைய சாமியைப் பற்றிய சந்தேகம் என் கையெழுத்தில் இருந்தால் குத்திக் காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று தோன்றியது. மற்ற சாட்சிகளோடு புகழ்ச்சிப் பத்தியையும் முழுதாக எழுதினேன். கடைசியில், கைப் பழக்கத்தில், 'ஒப்பு நோக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

அந்தத் திங்களன்று அக்கா பத்திரக் கட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“நேத்து வகுப்புல உன் தாளை வாசிச்சேன். அந்த நர்சிங் பிள்ளை போனைத் தூக்கிக் காமிக்குது. டீச்சர், இது பின்னாடி வந்த ஆளு சேத்ததுன்னு போட்டிருக்கே, நீங்களே இப்படிச் சொல்லலாமான்னு கேக்குது. மத்த பிள்ளைக எல்லாம் சிரிக்குதுக. அம்புட்டும் டூப்பான்னு ஒருத்தன் கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல. வகுப்பை வேற ஆளுக்குக் குடுங்கன்னு பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். விடு, உனக்கும் தெரியாதுல்ல.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நத்தம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் பழைய பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசித்தார், நான் விரல் வைத்தேன். மதியம் அவர் கொண்டுவந்த கத்திரிக்காய் வெஞ்சனத்தில் எப்போதும்போல் எனக்கும் ஒரு கரண்டி வைத்தார். அதைச் சோற்றோரமாக ஒதுக்கினேன்.

மாலை 4.40. அவர் டிபன் பாக்ஸைக் கூடையில் வைக்கும்போது சொன்னேன்.

“எனக்குத் தெரியும் அக்கா. எழுதியிருந்தேன். அப்புறம் அடிச்சுட்டேன்.”

“தெரிஞ்சேவா?”

“உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு…”

“நாம குடுக்குற நகல்ல ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட அந்தக் குதி குதிப்ப.” கூடையைத் தூக்கினார். “சாமி இருக்காரா இல்லையான்னா உங்கிட்டக் கேட்டேன்? ஒப்புப் பாத்ததுன்னு அடியில எழுதியிருந்த. அதைப் பாத்துத்தான் மறுபடி பாக்காம வாசிச்சேன்.”

பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பத்தடி தள்ளி நின்றார். அவருடைய பஸ் முதலில் வந்தது.

பின்னால் வந்த எவனோ சேர்த்த சொற்களால் மற்ற நல்ல சாட்சிகளுக்கும் கெட்ட பெயர் என்று படிக்கும்போது அவன்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தது. அவனும் ஏதோ பக்தியில்தான் செய்திருப்பான். நான் எதையும் சேர்க்கவில்லை, விட்டேன், அவ்வளவுதான். ஆனால் அடியில் கையெழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, நடக்கப் போகவில்லை. எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய தாள்களுக்கு அடியிலிருந்து முதல் படியைத் தேடி எடுத்தேன். அடித்திருந்த நான்கு வரிகளையும் சேர்த்துப் புதிதாக ஒரு நகல் எழுதினேன். மூன்றாம் பக்கத்துக்குப் போனது. அடியில் எதுவும் எழுதவில்லை. அலுவலகத்தில் வேறு கட்டு எதையும் பிரிக்கும் முன், முதல் படியை மூலமாக அவர் பக்கமும் புது நகலை என் பக்கமும் வைத்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் வாசிக்கும் அதே குரலில் ஆரம்பித்தார். அடித்திருந்த இடம் வந்ததும் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்த நான்கு வரிகளை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். நான் விரலை எடுக்காமல் இருந்தேன்.