கலரைக் குறைத்துப் பார்த்த வீடு

டிவி பெட்டியைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். படித்தது ஆறாம் வகுப்பு, அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் இன்றைக்குப் பினாங்கில் எனக்கு மூன்று கடை. சுவர் அளவுக்கு டிவி வாங்கிப் போகிற என்ஜினியர்கூட, படம் சரியில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு டிவி ரொம்ப காலம் விளங்காமல் இருந்தது. அது எங்கள் வீட்டு முதல் கலர் டிவி.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலா மில். மிளகாய் அரைக்கிற நாளில் மாடியில் எல்லாரும் தும்முவோம். அப்பா அந்த மில்லுக்கு லாரி ஓட்டினார். அப்பாவின் அக்காவும் எங்களோடுதான் இருந்தார். கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் இறந்த பிறகு, பிள்ளை குட்டியும் இல்லாததால், ஒரு தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு அத்தை.

அப்போது எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டு வரிசையில் உள்ள பெண்கள் எல்லாரும் எங்கள் மாடிக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் வந்தது பாதி படத்துக்கு, பாதி அத்தைக்கு. படத்தில் எல்லாமே சாம்பல்தான். ஆனால் அத்தை பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்.

"இப்ப கட்டியிருக்கிறா பாரு, அது மாம்பழக் கலர். பார்டர் அரக்கு. கொட்டகையில பார்த்தப்ப கண்ணு கூசுச்சு."

"அப்படியாக்கா!" என்று எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுச் சாம்பல் பெட்டிக்குள் நானும் மாம்பழத்தைப் பார்த்திருக்கிறேன், சத்தியமாக. மறுநாளே இரண்டு பேர் அதே கலரில் துணி எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார்கள், ரவிக்கை தைக்க. அத்தையின் மிஷின் ஓடும். தம்பி வீட்டில் அவர் யார் கையையும் எதிர்பாராமல் நிமிர்ந்து இருந்தார் என்றால், அந்த மிஷின் ஓட்டத்தில்தான்.

எழுபதுகளின் கடைசியில் கலர் வந்தது. நான் சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்தேன். அப்பா மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுக் கலர் டிவி வாங்கினார். எங்கள் வரிசையிலேயே முதல் கலர் டிவி எங்களுடையது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை நாலு பேர் மாடிக்குத் தூக்கி வந்தபோது நான் முன்னால் நடந்து வந்த நடை இருக்கிறதே, மாப்பிள்ளை தோற்றான். அத்தை மட்டும் எழுந்து வந்து பார்க்கவில்லை. மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மாடியில் கால் வைக்க இடமில்லை. போட்டது, போன வருஷம் காட்டிய அதே படம். அதே பாட்டு வந்தது. கதாநாயகி ஓடி வந்தாள். சேலை ரோஸ்.

பக்கத்து வீட்டில் நகை ஆசாரியின் பெண்சாதி ஒரு அக்கா இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். அவர்தான் ஆரம்பித்தார். "என்னாக்கா இது, மாம்பழக் கலர்னு தானே சொன்னீங்க? இங்க ரோஸால்ல இருக்கு! உங்க பேச்சைக் கேட்டு நான் வேற தச்சுப் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனேன்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி பின்னாலிருந்து, "அப்ப என்னோட கிளிப்பச்சை என்னா ஆவறது?" என்றாள். இன்னும் சிரிப்பு. அத்தை கையில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்துபோயிருந்தது. அந்தச் சிவப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெண்கள் கூடுகிற இடத்தில் அப்பா உட்காரவே மாட்டார். படியோரம் நின்றுகொண்டிருந்தவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். பெட்டிக்கு முன்னால் குனிந்து கலர்க் குமிழைப் பிடித்து ஒரே திருகு. ரோஸ் போய், பச்சை போய், எல்லாம் பழையபடி சாம்பலாகிவிட்டது.

"புதுப் பெட்டி. கலர் இன்னும் சரியா பிடிக்கல. கண்டதைக் காட்டுது" என்றார்.

நான் துடித்துப் போனேன். "அப்பா, கலரு!" என்று கத்தினேன். அப்பா என் பக்கம் திரும்பி ரொம்ப அமைதியாகச் சொன்னார். "எப்பவும் கலர்ல வச்சா சீக்கிரம் தீர்ந்துடும்டா."

நம்பினேன். இன்றைக்கு ஊருக்கே டிவி விற்கிறவன், பேனாவில் மை இருப்பதுபோலப் பெட்டிக்குள் கலர் இருக்கிறது என்று நம்பினேன். பந்து விளையாட்டுக்குக் கலர், பாட்டுப் போட்டிக்குக் கலர், தமிழ்ப்படத்துக்கு மட்டும் கறுப்பு வெள்ளை. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்தபோது, "உங்க வீட்டுல கலர் தீர்ந்ததும் எங்க வீட்டுக்குத்தான்டா வருவீங்க" என்று மார் தட்டினேன்.

தீபாவளிக்குள் எதிர் வரிசையிலும் ஒரு கலர் டிவி வந்துவிட்டது. பெண்கள் அங்கே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கள் மாடிக்கே வந்து, கலரைக் குறைத்த படத்தைப் பார்த்தார்கள். அம்மா சுடுகிற பருப்பு வடைக்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் அத்தை வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் யாரோ கேட்க, மெல்ல, "மயில்கழுத்து மாதிரி இருக்கும்" என்றார். மிஷின் மறுபடி ஓடியது.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் அம்மாதான் உள்ளதைச் சொன்னார். அத்தை கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லையாம். புருஷன் இருந்த வரை விடவில்லை. அவர் போன பிறகு, தாலியறுத்தவளுக்குச் சினிமா கேட்கிறதா என்று யாராவது சொல்வார்களே என்று இவரே போகவில்லை. அந்தச் சாம்பலைப் பார்த்து அவர் சொன்ன கலரெல்லாம், அறையில் உட்கார்ந்திருந்த பெண்களில் யாருக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்துச் சொன்ன கலர். அப்பாவுக்கு இது முதலிலிருந்தே தெரியும்.

அந்த வயதில் எனக்குத் தெரியாது. அதனால்தான் அந்த மழை நாள் எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கும் தமிழ்ப்படம். மழைக்கு நடுவிலும் பெண்கள் வந்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தபோது அத்தை ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"டேய் கண்ணு, கலரைக் கொஞ்சம் ஏத்து."

அப்பா படியோரத்திலிருந்து, "வேணாம்க்கா" என்றார்.

"இருக்கட்டும் தம்பி. நானும் ஒரு தடவை பார்க்கிறேனே."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நகை ஆசாரியின் பெண்சாதிதான், "அத்தை சொல்றாங்கல்ல, ஏத்துடா" என்று என்னை அதட்டினார். ஏற்றினேன்.

புல்வெளி பச்சையாக விரிந்தது. கதாநாயகி கத்தரிப்பூக் கலரில் நடந்து வந்தாள். அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் போய், சின்னப் பிள்ளைபோல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். பாட்டு முடிகிறவரை ஒரு கலரும் சொல்லவில்லை.

அப்போது அந்த நகை ஆசாரி வீட்டு அக்கா மெதுவாக நகர்ந்து வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"அக்கா, இது என்னா கலர்க்கா?"

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். "கத்தரிப்பூ" என்றார். "உனக்கு எடுப்பா இருக்கும்."

"அப்ப நாளைக்கே துணி எடுத்துக்கிட்டு வர்றேன்."

பெட்டி பளிச்சென்று எரிகிறது. எல்லாருக்கும் தெரிகிற கலரை இந்த அக்கா ஏன் அத்தையிடம் கேட்கிறார்? ரொம்ப நேரம் யோசித்தேன். பாவம், இவ்வளவு சின்ன வயதிலேயே கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.