முந்திரிக்கொல்லை வாய்க்காலும் என் நான்காவது வரியும்

நான் எழுதிக்கொடுத்த பட்டியலின் நான்காவது வரியால் ஓர் ஊர் தன் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியை இழந்தது. சர்வே தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். ஜெயங்கொண்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் நடுவழியில் இறங்க வேண்டிய ஊர். அவ்வளவு போதும்.

என் படிப்பு சிவில் டிப்ளமோ, பெரம்பலூரில். அங்கேயே ஒரு சர்வே ஆபீசில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பிறகு ஜெயங்கொண்டத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கினேன். தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஆட்டோ லெவலும் அதன் ட்ரைபாடும் சொந்தம். டோட்டல் ஸ்டேஷன் என்கிற பெரிய அளவைக் கருவி தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பேன்.

1. வண்ண நோட்டீஸ்

அந்த மாடி அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தனக்கொடி அக்கா. ஐம்பது வயது இருக்கும், ஏரிக்குக் கீழே நெல் வயல். இன்னொருவர் கலியபெருமாள், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். ஆனாலும் அவர் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"மேடம்னு கூப்புடவா, பாப்பான்னு கூப்புடவா?"

"பாப்பான்னே கூப்புடுங்க மாமா."

"அப்ப சரி. இந்த நோட்டீச பாரு பாப்பா. இதுல எங்க வாய்க்கா எங்கன்னு காட்டு."

அது ஒரு வீட்டுமனைப் பிரிவின் விளம்பரம். நடுவில் நீரூற்று, பக்கத்தில் பூங்கா, சுற்றிலும் மனைகள். வாய்க்கால் எங்கும் இல்லை.

விஷயம் இதுதான். ஏரிக்கு மேற்கே மேட்டில் பெரிய முந்திரிக்கொல்லை. ஒரே குடும்பத்துப் பட்டா. அவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். கொல்லையை மனை போடும் ஒருவருக்கு விற்றும் விட்டார்கள். மேட்டில் பெய்கிற மழை கொல்லைக்கு நடுவே ஓடும் ஒரு வாய்க்கால் வழியாகத்தான் ஏரிக்கு இறங்கும். வாய்க்கால் மூடினால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் கீழே சம்பா நெல் கிடையாது.

"நெல்லு மட்டும் இல்ல பாப்பா," என்றார் தனக்கொடி அக்கா. "நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து அந்தக் கொல்லயிலதான் ஆடு மேச்சிருக்கேன். சித்திரையில உள்ள போனா வெயிலே தெரியாது. பழம் விழுந்து கெடந்து அந்த வாசன ஊட்டு வாசவரைக்கும் வரும். அத வெட்டிட்டு பூங்கா வெக்கிறானாம் பூங்கா."

"மரத்தக் காப்பாத்த முடியாதுக்கா. பட்டா அவங்களோடது. வாய்க்காலக் காப்பாத்தினா, அதுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடம் விட்டாகணும். அந்த எடத்துல இருக்கிற மரம் பொழைக்கும்."

"அந்த மரமாவது பொழைக்கட்டும்," என்றார் அவர்.

2. தரை மட்டும்தான் சாட்சி

முதலில் ரெக்கார்டுகளைப் பார்த்தேன். எஃப்எம்பி என்கிற புல வரைபடத்தில் வாய்க்கால் இல்லை. கிராம வரைபடத்திலும் இல்லை. தனியார் நிலத்துக்குள் வழக்கமாகத் தண்ணீர் ஓடிய தடத்தை அன்றைக்கு யாரும் கோடாகப் போடவில்லை. சாட்டிலைட் படங்களை வருடம் வருடமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். முந்திரி மரங்கள் தலையோடு தலை கூடி வாய்க்காலை மூடியிருந்தன. மேலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான்.

பிறகு கொல்லைக்குள் நடந்தேன். வாய்க்கால் அங்கே இருந்தது. சில வருடங்களாகத் தூர்வாராமல் கருவேல முள் மண்டியிருந்தது. ஆனால் கரையில் முதிர்ந்த பனைகள் ஒரே வரிசையில் நின்றன. தரையில் முழங்கால் ஆழத்துக்குச் சாம்பல் நிற வண்டல். அதற்குள் நத்தை ஓடுகள். சுற்றிலும் செம்மண் இருக்கும் மேட்டில் இப்படி அடுக்கடுக்காக வண்டல் படிய வேண்டுமானால், தலைமுறைக் கணக்கில் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும். இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை என்று நினைத்தேன். போனில் மூன்று படம் எடுத்தேன். முள்ளும் நிழலும்தான் விழுந்தன. பரவாயில்லை, கருவியோடு வரும்போது முறையாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தருவதற்கு முன் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். பழைய நீர்வழி இருக்கிறது என்று அவர் எழுதிவிட்டால், அதை விட்டுத்தான் மனை பிரிக்க முடியும். ஆக எங்களுக்கு இருந்தது அந்த ஒரே நாள். தனக்கொடி அக்காவுக்கு நோட்டுத் தாளில் ஒரு பட்டியல் எழுதிக்கொடுத்தேன்.

1. ஊரார் கையெழுத்துடன் மனு.
2. கொல்லைக்கும் ஏரிக்கும் எஃப்எம்பி நகல்.
3. வாய்க்காலுக்கு லெவல் எடுத்து, போட்டோவுடன் வரைபடம் (நான்).
4. ஆய்வு நாளில் வாய்க்கால் தெளிவாகத் தெரியும்படி செய்து வைப்பது.
5. முன்பு தூர்வாரியவர்களில் இரண்டு பேர், பேசுவதற்கு.

நான்காவது வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது அரிவாள். கருவேலத்தை வெட்டி ஒதுக்கினால் பனையும் வண்டலும் கண்ணுக்குத் தெரியும். அதை நான் எழுதவில்லை.

3. தா.பழூரில் மூன்று நாள்

ஆய்வு வியாழக்கிழமை என்று தகவல் வந்தபோது நான் தா.பழூர் பக்கம் ஓர் அண்ணன் தம்பிக்கு நிலம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரப்புக்காக இருவரும் மல்லுக்கு நின்றதில் ஒரு நாள் வேலை மூன்று நாளாக இழுத்தது. புதன்கிழமை மத்தியானம் தனக்கொடி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, இன்னிக்கு வர முடியலக்கா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கே வந்து லெவல் எடுத்துடுறேன். ஆபீசர் பத்து மணிக்குத்தானே வராரு."

"நீ கவலப்படாம வா பாப்பா. நாலாவத நாங்க முடிச்சுட்டோம். டிக் அடிச்சாச்சு."

"சரிங்கக்கா."

போனை வைத்துவிட்டேன். என்ன முடித்தீர்கள் என்று கேட்கவில்லை. பட்டியலுக்கு எண் போட்டால் எண் வரிசையில் நடக்கும் என்பது என் எண்ணம். அவர்களோ தங்கள் கையால் முடிவதை முதலில் செய்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

4. வியாழக்கிழமை

காலையில் போய் இறங்கியதும் தெரிந்தது சிவப்பு. கொல்லையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, கோடு பிடித்து வெட்டிய மாதிரி ஒரு புது வாய்க்கால். பக்கச் சுவரில் ஜேசிபி பக்கெட்டின் பல் தடம். கரையில் நின்ற பனைகள் சாய்ந்து கிடந்தன. வாய்க்கால் தலைப்பில் மாவிலைத் தோரணம் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இளநீர்க் குலை இறக்கி வைத்திருந்தார்கள்.

"எப்புடி?" என்றார் கலியபெருமாள் மாமா. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "என் மாப்ள வண்டிதான். டீசல் மட்டும் நாங்க போட்டோம். கண்ணாடி மாதிரி இல்ல?"

"வண்டல் எங்க மாமா?"

"வயலுக்கு அடிச்சுட்டோம். அவ்ளோ நல்ல வண்டலு, கரையில கொட்டி வீணாக்கவா முடியும்? ஊட்டுக்கு ஒரு டிராக்டர்னு பங்கு போட்டாச்சு."

எங்கள் சாட்சி முப்பது வயல்களில் பரவிக் கிடந்தது.

அவர்களைத் திட்ட முடியாது. ஆபீசர் வருகிறார் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லா ஊரும் இதைத்தான் செய்யும். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்கள், தெருவைக் கூட்டுவார்கள், செய்த வேலையைச் சொல்லியும் காட்டுவார்கள். எத்தனையோ முறை இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அப்படி ஒரு வரியை எழுதியிருக்கிறேன்.

"மாமா, கேட்டா பழைய வாய்க்கால், தூர் மட்டும் வாரினோம்னு சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நூறு டிக்கெட் செக்கரப் பாத்தவன் நான்."

பத்தேகாலுக்கு உதவிப் பொறியாளர் வந்தார். பின்னாலேயே ஒரு காரில் மனை போடுகிறவரின் மேனேஜர். பொறியாளர் நாற்காலியைத் தொடவில்லை, இளநீரும் வேண்டாம் என்றார். நேராக வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்து, மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார்.

"இது எப்ப வெட்டினது?"

கலியபெருமாள் மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"நேத்துதாங்க சார்! ரெண்டு நாளா வண்டி நிக்கவே இல்ல. நீங்க வரீங்கன்னுதான் சார் புத்தம் புதுசா பண்ணி வெச்சிருக்கோம்!"

மேனேஜர் சிரிக்கக்கூட இல்லை. "அவங்களே சொல்லிட்டாங்க சார். எங்க பட்டா நெலத்துல பூந்து வெட்டியிருக்காங்க. நான் புதுசா என்ன சொல்றது?"

"வாய்க்கா பழசுங்க சார்," என்று முன்னால் வந்தார் தனக்கொடி அக்கா. "மேல மட்டும்தாங்க புதுசு. எங்க வயல்ல வந்து வண்டலப் பாருங்க."

பொறியாளர் வயலுக்கும் வந்து பார்த்தார். அதைச் சொல்லியாக வேண்டும். குவியலை மிதித்துப் பார்த்துவிட்டு, "ஏரி வண்டலும் இப்படித்தாம்மா இருக்கும். எங்கேருந்து வந்துச்சுன்னு மண்ணு சொல்லுமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க டெக்னிகல் ஆளு. வெட்டறதுக்கு முன்னாடி லெவல் எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"குறுக்கு வெட்டுப் படம்? அளவு வெச்சு போட்டோ?"

மூன்று படங்களைக் காட்டினேன். முள், நிழல், ஒரு பள்ளம். எங்கே எடுத்தது என்று கேட்டால் எந்தத் தோப்பையும் சொல்லலாம்.

"நான் கண்ணால பாக்கறததாம்மா எழுத முடியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5. அறிக்கைக்குப் பிறகு

அண்மையில் தோண்டப்பட்ட பள்ளம், பழைய நீர்வழிக்கான தடயம் இல்லை என்று அறிக்கை போனது. அரியலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் இரண்டு முறை வரிசையில் நின்றோம். ரசீது கிடைத்தது. அதற்குள் மேனேஜர், அத்துமீறி நுழைந்து பனை சாய்த்ததற்குப் போலீசில் புகார் தருவேன் என்று சொல்லி அனுப்பினார். ஜேசிபி ஓட்டிய மாப்பிள்ளையின் பெயர்தான் முதல் பெயர் என்றும் சொன்னார். ஊரில் கூடிப் பேசினார்கள். புகார் வேண்டாம், நாங்களும் குறுக்கே நிற்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போராட்டம் அதோடு முடிந்தது.

மரங்கள் ஒரு வாரத்தில் போயின. கொல்லையின் நடுவே போட்ட ரோட்டுக்கு அடியில், நல்லெண்ணமாக என்று சொல்லி, ஒரு சிறிய குழாய் பதித்தார்கள். அந்த மழைக்காலத்தில் குழாய் மண் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ரோட்டிலேயே ஓடி நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஏரியில் கணுக்கால் அளவு. தனக்கொடி அக்கா நெல்லை விட்டு உளுந்து தெளித்தார். ஆடுகளை அதற்கு முன்பே விற்றிருந்தார்.

மனை வாங்கிய ஒரு வாத்தியார் தன் மனையின் மூலைக்கற்களைக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். போனேன். வேலை வேலைதான். இரண்டு கற்கள் தண்ணீருக்குள் இருந்தன. "இங்க ஏன் மேடம் இப்படி நிக்குது?" என்று கேட்டார். அவர் மனை பழைய வாய்க்காலின் மேல் இருந்தது. சொன்னேன்.

கலியபெருமாள் மாமாவை ஒருநாள் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அருகில் வந்து மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"பாப்பா, நான் நேத்துன்னு சொல்லாம இருந்திருந்தா வாய்க்கா நின்னிருக்குமா?"

"இல்ல மாமா. அவரு மண்ணத் தொட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் புதன்கிழமை வந்திருந்தாகூடப் பிரயோஜனம் இல்ல. மொத நாளே அளந்திருக்கணும்."

"ஊர்ல எல்லாம் என்னையத்தான் சொல்றாங்க."

"என்னையச் சொல்லச் சொல்லுங்க மாமா."

"ஒன்ன எப்புடிச் சொல்லுவாங்க? நீ எழுதிக்குடுத்ததத்தான நாங்க செஞ்சோம்." பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

6. இப்போது செய்வது

இப்போது உடையார்பாளையம் பக்கம் ஓர் ஊரில் இதே மாதிரி ஓர் ஓடைக்காக அழைத்திருக்கிறார்கள். போன முதல் நாளே, ஒரு கையெழுத்தும் வாங்குவதற்கு முன்பே, ஓடை முழுக்க லெவல் எடுத்தேன். ஸ்டாஃப் என்கிற அளவுக் கம்பை ஓடையில் நிறுத்தி, ஊர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். அதன் பிறகுதான் பட்டியல். முதல் வரி: "நான் சொல்லும்வரை யாரும் எதையும் தொட வேண்டாம்; முள்ளைக்கூட." ஒவ்வொரு வரிக்கும் கீழே எந்தக் கருவியால், யார், எதற்குப் பிறகு என்று எழுதுகிறேன். முடிச்சுட்டோம் என்று யாராவது போனில் சொன்னால், என்ன முடித்தீர்கள் என்று கேட்கிறேன். இது ஜெயிக்குமா என்று தெரியாது.

பழைய பட்டியலைத் தனக்கொடி அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி ஊரில் அதற்கு வேலை இல்லை என்றார். லெவல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். ஐந்து வரிகளில் ஒன்றில் மட்டும், நீல மையில், காகிதம் அழுந்த ஒரு டிக் இருக்கிறது.