எத்தனை மிஷின் ஓடுது?

கோடையில் வைகை அணைத் தண்ணீர் இறங்கியதும் வெளியே வரும் வண்டல் மண்ணில் உளுந்து விதைக்கிற பதினோரு குடும்பங்களுக்கு அய்யம்மாள்தான் பஞ்சாங்கம். நிலம் அரசாங்கத்துடையது, யாருக்கும் பட்டா கிடையாது, கேட்கவும் முடியாது. தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் செடியைப் பிடுங்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். ஒரு நாள் முந்தினால் காய் முற்றி நெத்தாகாமல் பச்சையாக இருக்கும். ஒரு நாள் பிந்தினால் மீனுக்குத்தான் விருந்து.

அந்த ஒரு நாளைச் சொல்வது அய்யம்மாளின் வேலை. யாரும் அவளை நியமிக்கவில்லை. அவள் மகளைக் கட்டிய முத்துராஜா லோயர் கேம்ப் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி, அங்கே மிஷின்களைச் சுற்றி மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக அணைக்கு வந்து சேரும். விதைத்து ஐம்பது நாள் ஆனதும் அய்யம்மாள் தினமும் காலையில் மருமகனுக்குப் போன் போடுவாள். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

"மாப்ளே, எத்தன மிஷின் ஓடுது?"

"ரெண்டு, அத்தை."

இரண்டு என்றால் தண்ணீர் எத்தனை அடி ஏறும், எப்போது கீழ்ப்பாத்தியைத் தொடும் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள். ஒன்பது வருடம் ஒருதடவைகூடத் தப்பவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

போன வருடம் மே மாதக் கடைசியில் முத்துராஜா, "ஒண்ணுகூட ஓடல அத்தை. குடிதண்ணிக்கு மட்டும் கொஞ்சம் விட்டிருக்காக" என்றான். அய்யம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னாள்: "அஞ்சு நாள் பொறுங்க. நெத்து நல்லாக் கறுக்கட்டும்."

அணைக்கு இன்னொரு வழியிலும் தண்ணீர் வரும். வருசநாட்டு மலையிலிருந்து வருகிற மூல வைகை கோடையில் வெறும் மணல். ஆடுகள் நடந்து போகும். அந்த மலையை ஒட்டிய மேகமலைப் பக்கம் வானம் இரண்டு நாளாகக் கறுத்துக் கிடந்ததை அய்யம்மாளும் பார்த்தாள். மிஷின்தான் ஓடவில்லையே, என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் விடிந்தபோது கீழ்ப்பாத்தியில் முழங்கால் தண்ணீர். எல்லோரும் விழுந்தடித்துப் பிடுங்கிப் போட்டார்கள். நனைந்த நெத்து குவியலிலேயே முளைவிட்டது. மிக்கேலின் பாத்தி பள்ளத்தில் கிடந்ததால் அவனுக்கு ஒரு பிடிகூடத் தேறவில்லை.

யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள், அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த மௌனத்தை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இந்த வருடமும் விதைத்தார்கள். வருசநாட்டில் டீக்கடை வைத்திருக்கும் ரோஸ்லினின் நம்பரையும் அய்யம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள், அங்கே ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க. ஐம்பது நாள் ஆனது, அறுபதும் ஆனது. எப்போது பிடுங்கலாம் என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை. சரி, நம் பேச்சுக்கு இனி மதிப்பில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபத்திரண்டாம் நாள் காலை மருமகன், "நேத்துல இருந்து மூணு மிஷின் ஓடுது அத்தை" என்றான். ரோஸ்லின், ஆற்றில் மணல்தான் என்றாள். அய்யம்மாள் விரலை மடக்கினாள். நாளை மதியம் தண்ணீர் வந்துவிடும். நெத்தில் கால்வாசி இன்னும் பச்சை. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். கேட்டும் கேளாதது போல அவர்கள் நின்றுவிட்டால்? நாலு செடி பிடுங்கினால் தைரியம் வரும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தன் பாத்தியில் இறங்கினாள்.

நாலாவது செடிக்கு அவள் நிமிர்ந்தபோது, மிக்கேல் அவசரமாகத் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுத்த பாத்தியிலும் ஆள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பதினோரு பாத்தியிலும் எல்லோரும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் மிக்கேலின் வெறும் பாத்தியில் தண்ணீர் ஏறியது. அவன் கடைசிச் செடிக்கட்டைக் கரையில் போட்டுவிட்டு அய்யம்மாளிடம் வந்தான். அவள் ஒண்டியாள், இன்னும் முடிக்கவில்லை.

"உங்க பேச்சு வேணாம்னுதான் கேக்க வரலன்னு நெனச்சீகளா அக்கா? கேட்டா நீங்க சொல்லணும். தப்பிப் போச்சுன்னா பழி உங்க தலையில விழும். அதான் வாயத் தொறக்காம, நீங்க எப்ப எறங்குவீகன்னு பத்து நாளாப் பாத்துக்கிட்டே இருந்தோம்."

அய்யம்மாளுக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"ஏலே, இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? ஒரு வருசமா ஒருத்தரு மூஞ்சியவும் ஏறிட்டுப் பாக்க முடியாமக் கெடந்தேன்லே!"

"எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலக்கா" என்றான் மிக்கேல். குனிந்து, அவள் பாத்தியில் மிச்சமிருந்த செடிகளைப் பிடுங்கத் தொடங்கினான்.